மன அழுத்தம் பழுப்புக் கொழுப்பைத் தூண்டும் என்கிறார்களே, பிறகு ஏன் தொப்பை?

கேள்வி: ஆறு மாதமாக வேலையில் கடும் நெருக்கடி. மன அழுத்தம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், அது பழுப்புக் கொழுப்பைத் தூண்டி உடல் கொழுப்பைக் கரைக்கும் என்று படித்தேன். எனக்கோ தொப்பைதான் போடுகிறது. பழுப்புக் கொழுப்பைத் தூண்ட மாத்திரை ஏதாவது எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: மாத்திரை வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன், பழுப்புக் கொழுப்பு, அதாவது எரிந்து உடலுக்கு வெப்பம் தரும் கொழுப்பு, அதன் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

வெள்ளைக் கொழுப்பு செல்லில் ஒரே பெரிய கொழுப்புத் துளி இருக்கும். அதன் வேலை சேமிப்பு. பழுப்பு செல்லில் சின்னச் சின்னத் துளிகள், சுற்றிலும் நெருக்கமாக மைட்டோகாண்ட்ரியாக்கள் (செல்லின் ஆற்றல் கூடங்கள்). அவற்றிலுள்ள இரும்புச்சத்துதான் பழுப்பு நிறத்துக்குக் காரணம். குளிர் உறைத்ததும் மூளையின் ஹைப்போதலாமஸ், பரிவு நரம்புகள் (ஆபத்திலும் குளிரிலும் உடலை உசுப்பும் நரம்புகள்) வழியாக இந்த செல்களின் வாசலிலேயே அட்ரினலினின் நெருங்கிய உறவான நார்அட்ரினலினைக் கொட்டுகிறது. அது செல்லின் மேலுள்ள பீட்டா ஏற்பிகளில் ஒட்டியதும் உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற தகவல் மூலக்கூறு ஏறுகிறது. கொழுப்புத் துளிக்குக் காவல் நிற்கும் பெரிலிபின் என்ற புரதம் வழிவிடுகிறது. நொதிகள் நுழைந்து துளியிலுள்ள சேமிப்புக் கொழுப்பான டிரைகிளிசரைடை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகின்றன.

இந்த அமிலங்களுக்கு இரண்டு வேலை. எரிபொருளும் அவைதான், அடுப்பைப் பற்றவைப்பதும் அவைதான். மைட்டோகாண்ட்ரியா சாதாரணமாக, அணைத் தண்ணீரை டர்பைன் வழியாக விடுவதுபோல், புரோட்டான்களைக் கொண்டு செல்லின் எரிசக்தியான ஏடிபி தயாரிக்கும். பழுப்பு செல்லிலோ யூசிபி1 என்ற புரதம் ஒரு மதகுபோல இருக்கிறது. கொழுப்பு அமிலங்கள் அதைத் திறந்துவிட்டால் புரோட்டான்கள் டர்பைனைத் தொடாமல் பாய்ந்துவிடும்; ஆற்றல் முழுக்க வெப்பமாகும்.

ஆக, நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் இங்கே முக்கியமானது நரம்பு முனையில் சுரக்கும் நார்அட்ரினலின். அட்ரீனல் சுரப்பி ரத்தத்தில் விடும் அட்ரினலினுக்கு இதில் பங்கு குறைவு. ரத்தம் வழியாகவே இதைத் தூண்ட வேண்டுமென்றால் எவ்வளவு தேவைப்படும் என்பதற்கு ஃபியோகுரோமோசைட்டோமா நல்ல உதாரணம். இந்த ஹார்மோன்களை அளவில்லாமல் கொட்டும் கட்டி அது. சில நோயாளிகளின் பெட் ஸ்கேனில் பழுப்புக் கொழுப்பு பளிச்சென்று ஒளிரும், எடையும் இறங்கும். கூடவே ரத்த அழுத்தம் உயிரை வாங்கும் அளவுக்கு எகிறும். அலுவலக நெருக்கடி அந்த அளவுக்குப் போவதில்லை, நல்லவேளை!

அப்புறம் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன். வாரக்கணக்கில் நீளும் அழுத்தத்தில் நாம் பார்க்க வேண்டிய ஆள் இவர். நார்அட்ரினலின் நிமிடங்களில் வேலையை முடிக்கும். கார்டிசால் செல்லின் உட்கருவரை போய் எந்த ஜீன் இயங்கலாம், எது கூடாது என்பதையே மாற்றும். எலிகளுக்குக் கார்டிசால் வகை ஹார்மோன்களைத் தொடர்ந்து கொடுத்தால் யூசிபி1 குறைகிறது. பழுப்பு செல் கொழுப்பால் உப்பி, பார்க்க வெள்ளைக் கொழுப்பு மாதிரி ஆகிவிடுகிறது. மனிதர்களில் இவ்வளவு நேர்கோடாக இல்லை. கார்டிசால் போல வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்தைச் சில நாட்கள் மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், பழுப்புக் கொழுப்பின் இயக்கம் கூடியது என்றது ஒன்று, குறைந்தது என்றது இன்னொன்று.

ஆனால் உங்கள் தொப்பைக்குப் பழுப்புக் கொழுப்பைக் குறை சொல்வது நியாயமில்லை. பெரியவர்களிடம் அது கழுத்து, காறை எலும்பின் மேற்புறம், முதுகெலும்பை ஒட்டிய பகுதிகளில் கொஞ்சம்தான் இருக்கிறது. கார்டிசால் பசியைக் கூட்டும், இன்சுலினின் வேலையைக் கெடுக்கும், வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்க்கும். தூக்கம் கெட்டால் பசி இன்னும் கூடும். காரணத்தை அங்கே தேடுங்கள்.

மாத்திரைக்கு வருகிறேன். சிறுநீர்ப்பைக் கோளாறுக்குக் கொடுக்கும் மிராபெக்ரான் பழுப்புக் கொழுப்பைத் தூண்டியது உண்மை. ஆனால் அந்த ஆய்வில் கொடுத்தது 200 மில்லிகிராம். சிகிச்சையில் வழக்கமான உச்ச அளவோ 50. அந்த 200-இல் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறின. ஏற்கெனவே படபடப்பில் இருப்பவருக்கு இது தேவையா? "ஃபேட் பர்னர்" என்று விற்கும் காஃபீன் மாத்திரைகளுக்கும் இதே பதில்தான்.

குளிர்? ஜப்பானில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், தினமும் 2 மணி நேரம் 17 டிகிரி செல்சியஸில் 6 வாரம் இருந்தவர்களுக்குப் பழுப்புக் கொழுப்பின் இயக்கம் கூடியது, உடல் கொழுப்பு சற்றுக் குறைந்தது. 2 மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். ஐந்து நிமிடப் பச்சைத் தண்ணீர்க் குளியலை அதோடு ஒப்பிட முடியாது. இதய நோயோ உயர் ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் முயல வேண்டாம். குளிர் தூண்டுவதும் அதே பரிவு நரம்பு மண்டலத்தைத்தான்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ தோல் நோய்க்கோ ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா? முகம் உப்புவது, லேசாக இடித்தாலே ரத்தம் கன்றுவது, வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகள், நாற்காலியிலிருந்து எழத் தொடை வலுவில்லாமல் போவது இவையெல்லாம் இருந்தால் மன அழுத்தம் என்று விட்டுவிடாமல் ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள்; கார்டிசால் பரிசோதனை செய்யச் சொல்வார். ஸ்டீராய்டு எடுப்பவராக இருந்தால் அதை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அது ஆபத்து.