ஊட்டி கடைவீதியில் கருப்பு வெள்ளைப் படங்கள்: கேள்வி பதில்

கேள்வி (குன்னூர்): அண்ணா, என்னிடம் கேமராவோடு வந்த கிட் லென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. கமர்ஷியல் ரோட்டில் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பதால் ஃபோகஸ் தவறுகிறது.

பதில்: ஆட்டோ ஃபோகஸை நம்பாதீங்க தம்பி. ஏபிஎஸ்-சி (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் ஜூமை 18 மி.மீ.-லும் லென்ஸ் திறப்பை எஃப்/8-லும் வைத்து 2 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால், சுமார் 1 மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவாக விழும். லென்ஸில் தூர அளவு பொறித்திருக்காது. 2 மீட்டர் தள்ளி இருக்கும் கம்பத்தில் ஆட்டோ ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றுங்க. ஜூமைத் தொட்டால் மறுபடி செய்யணும். சில மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா லென்ஸ்களில் கேமராவை அணைத்தாலே அந்த இடம் மாறிவிடும். ஷட்டர் வேகம் 1/250 விநாடிக்குக் கீழே போனால் நடப்பவரின் கால் கலங்கி இழுபடும்.

கேள்வி (கூடலூர்): சேரிங் கிராஸில் மூடுபனி இறங்கும்போது எடுத்தால் எல்லாம் அழுக்குச் சாம்பலாக வருகிறது. சிவப்பு ஃபில்டர் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. தொட்டபெட்டாவிலிருந்து தெரியும் தூரத்து நீலப் புகைமூட்டத்தைச் சிவப்பு ஃபில்டர் குறைக்கும். மூடுபனியின் நீர்த்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி சிதறடிக்கும். உங்களுக்கு 3 ஸ்டாப் (மூன்று முறை பாதியாகும் அளவு) வெளிச்சம் போனதுதான் மிச்சம்.

சாம்பலுக்குக் காரணம் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். வெண்பனியையும் அது நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை +2/3 முதல் +1 ஸ்டாப் வரை கூட்டுங்க, ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது விளிம்பில் முட்டாமல் இருக்கட்டும். கூட்டாமல் எடுத்துவிட்டுக் கணினியில் தூக்கினால் நிழலில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் வரும்.

அதைவிட முக்கியம், பனிக்குள் ஒரு கருமை வேணும். ஆடம்ஸ் நீரூற்றை மட்டும் எடுத்தால் சப்பென்று இருக்கும். குடையோ, கம்பளி போர்த்தியவரோ 2, 3 மீட்டருக்குள் வரும்வரை நில்லுங்க. எடிட் செய்யும்போது அந்தக் கருமையை மட்டும் முழுக் கருப்பாக்கினால் போதும். எடிட்டிங் மென்பொருளில் மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் பக்கமே போகாதீங்க, எடுக்க வந்த பனியையே அது துடைத்துவிடும்.

கேள்வி (கோத்தகிரி): மார்க்கெட்டில் கேரட்டும் தழையும் ஒரே சாம்பலாகிவிடுகின்றன.

பதில்: ராவில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில்) எடுங்க. எடிட் செய்யும்போது ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சத்தையும் மாற்றும் கருப்பு வெள்ளை மிக்ஸரில் ஆரஞ்சை ஏற்றி, பச்சையையும் மஞ்சளையும் இறக்குங்க. ஆரஞ்சு ஏறினால் முகமும் வெளுக்கும், அதனால் +20, +30-ஓடு நிறுத்திக்கணும்.

கேள்வி (கொடைக்கானல்): பிலிமை வீட்டிலேயே கழுவலாமா சார்?

பதில்: தாராளமாக. 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' பிலிம் தயாரித்த ஊர் ஊட்டி, நம் மலை ஊர்களில் பிலிம் கழுவும் வேலை தொடர்வது பெரிய சந்தோஷம். ஹெச்பி5 பிளஸ் என்ற கருப்பு வெள்ளை பிலிமை ஐஎஸ்ஓ 400-ல் எடுத்திருந்தால், மேற்கொண்டு தண்ணீர் கலக்காத டி-76 டெவலப்பரில் 20 டிகிரி செல்சியஸில் ஏழரை நிமிடம். மலையில் கெடுப்பது குழாய்த் தண்ணீர். டெவலப்பர் ரொம்பக் குளிர்ந்தால் அதிலுள்ள ஹைட்ரோகுவினோன் என்ற ரசாயனம் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும், நெகட்டிவ் மெலிந்துபோகும். பாட்டில்களை வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் நிறுத்தி, கடைசிக் கழுவல்வரை சூட்டை ஒரே அளவில் வையுங்க.

கேள்வி (குன்னூர்): டீக்கடைக்குள் நுழைந்ததும் லென்ஸில் ஆவி படிந்து மூடிக்கொள்கிறது.

பதில்: துடைக்காதீங்க. உள்ளே போகும் முன்பே கேமராவைப் பைக்குள் மூடி, கால் மணி நேரம் கழித்துத் திறங்க. வீட்டில் தோல் உறையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்க.

கேள்வி (மஞ்சூர்): ஆட்களிடம் கேட்டுவிட்டு எடுக்கணுமா?

பதில்: கூட்டத்தில் ஒருவராகத் தெரிந்தால் தேவையில்லை. முகம்தான் படம் என்றால் கேளுங்க, குழந்தை என்றால் பெற்றோரிடம். பூத்துக்குளி என்ற பூவேலைப் போர்வை போர்த்தி வரும் தோடர் பெரியவர்களை காட்சிப்பொருளாக நினைத்து லென்ஸை நீட்டுவது கூடவே கூடாது. வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்க.