மீன்குஞ்சும் மஞ்சக்காடும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கமுங்க. கோபி பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் வாழையும் வைத்துப் பண்ணையம் பார்க்கிறேன். என் பாப்பா பெங்களூரில் வரிக்குதிரை மீன் குஞ்சுகளின் மூளையை ஆராய்ச்சி செய்கிறாள். கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் சொந்தக்காரர்கள் "அம்மணி மீன்பண்ணை வெக்கப் போகுதா?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

போனில் பேசும்போது டோபமைன், செரட்டோனின் என்கிறாள். யூட்யூபில் பார்த்தால், டோபமைன் என்பது இன்பம் தரும் ரசாயனம், செல்போன் பார்த்தால் சுரக்கும், அதைக் குறைக்க விரதம் இருக்கணும் என்கிறார்கள். பாப்பாவோ, டோபமைன் கொடுத்தால் மூன்று நாள் வயதுக் குஞ்சு நீந்தாமல் நின்றுவிடும் என்கிறாள். இரண்டும் எப்படிச் சரியாகும்?

இன்னொன்று. போன மாதம் ஊருக்கு வந்தபோது, மருந்தடித்த காட்டுக்குள் மாசமாக இருக்கும் பெண்களைக் களையெடுக்க விடக்கூடாது என்று என்னோடு சண்டை போட்டாள். "நெத்திலியாட்டம் இருக்கற மீனைப் பாத்துப்போட்டு வந்து எங்களுக்குப் பண்ணையம் சொல்லித் தாறயா?" என்று என் அம்மா கேட்டுவிட்டார். பாப்பா பேசாமல் உள்ளே போய்விட்டாள். மீனுக்கும் மனுசனுக்கும் என்ன சம்பந்தம்? அவளிடமே கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் எழுதினால் படித்துக்கொள்வேன்.

ப., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள ப. அவர்களுக்கு,

உங்கள் மகள் டோபமைன் பற்றிச் சொன்னதும் சரி, மருந்தடித்த காட்டைப் பற்றிச் சொன்னதும் சரி. இரண்டாவது விஷயத்தில் அவர் கொஞ்சம் குறைவாகவே கேட்டிருக்கிறார் என்பது என் எண்ணம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த மீன். வரிக்குதிரை மீன் நம் நாட்டு மீன்தான். பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கையின் மீன்களைப் பற்றி 1822-ல் எழுதிய நூலில்தான் அது முதலில் பதிவானது. வளர்ந்தால் மூன்று நான்கு சென்டிமீட்டர் இருக்கும். அலங்கார மீனாகக் கடல் கடந்து போனதை, அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் ஆய்வுக்குக் கொண்டுவந்தார். 1981-ல் வந்த அவருடைய கட்டுரைக்குப் பிறகு உலகமெங்கும் ஆய்வகங்களில் இந்த மீன் தொட்டிகள் வந்துவிட்டன. காரணம் எளிமையானது. முட்டை தாயின் வயிற்றுக்கு வெளியே வளர்கிறது. முட்டையும் கண்ணாடி மாதிரி, குஞ்சும் கண்ணாடி மாதிரி. உயிரோடு இருக்கும்போதே மூளை உருவாவதைப் பார்க்கலாம். 2013-ல் இதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோது, மனித மரபணுக்களில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு இந்த மீனில் இணையான மரபணு ஒன்றாவது இருப்பது தெரிந்தது. ஐந்து நாள் குஞ்சின் மூளையில் சுமார் ஒரு லட்சம் நரம்பு செல்கள். அதே ஆண்டு மிஷா ஆரன்ஸும் பிலிப் கெல்லரும் அவற்றில் 80 சதவீதத்துக்கும் மேலானவை வேலை செய்வதை ஒரே நேரத்தில் படம் பிடித்துக் காட்டினார்கள். முதுகெலும்புள்ள வேறு எந்த விலங்கிலும் அதுவரை அப்படிப் பார்க்க முடிந்ததில்லை.

ஒரு நாள் வயதான முட்டையை நுண்ணோக்கியில் நானும் பார்த்திருக்கிறேன். ஒரு மில்லிமீட்டரை விடச் சற்றே பெரிய உருண்டை. உள்ளே மஞ்சள்கரு மேல் குஞ்சு வளைந்து படுத்திருக்கிறது. சட்டென்று வால் ஒரு பக்கமாகச் சுருண்டு தலையைத் தொட்டுவிட்டு விரிகிறது. கொஞ்சம் பொறுத்தால் அடுத்த பக்கம். யாரும் தொடவில்லை, தட்டவில்லை. கருவான 17 மணி நேரத்தில் இந்த அசைவு தொடங்குகிறது. வியப்பு என்னவென்றால், இந்த முதல் அசைவுக்கு மூளை ரசாயனம் எதுவும் தேவைப்படுவதில்லை. ஒட்டியிருக்கும் செல்களுக்கு நடுவே மின்சாரம் நேராகப் பாய்வதே போதும். ரசாயனச் செய்தியை மருந்து கொடுத்து நிறுத்தினாலும் வால் சுருண்டுகொண்டுதான் இருக்கும்.

ரசாயனம் அப்புறம் வந்து சேர்கிறது. 21 மணி நேரத்தில் தொட்டால் துள்ளும். முட்டைத்தோலை நீக்கிவிட்டால் 27 மணி நேரத்தில், தொட்டதும் நீந்தி விலகும். நீந்த வேண்டும் என்றால் வலப்பக்கத் தசை சுருங்கும்போது இடப்பக்கம் அடங்கி இருக்க வேண்டும். அப்படி அடக்குவது கிளைசின் என்ற ரசாயனம். கிளைசினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியில் பழுதோடு பிறக்கும் வரிக்குதிரை மீன்கள் உண்டு. அந்தக் குஞ்சைத் தொட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுருங்கி உடம்பே குட்டையாகிவிடும், நகர முடியாது. இதே ஏற்பியில் பழுதோடு பிறக்கும் மனிதக் குழந்தைகளும் உண்டு. சின்னச் சத்தம் கேட்டாலும், மூக்கு நுனியைத் தட்டினாலும் உடம்பு விறைத்துப்போகும். மீனுக்கும் மனுசனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டீர்களே, இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

இனி டோபமைன். இதை இன்ப ரசாயனம் என்று சொல்லும் காணொளிகள் மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஆராய்ச்சியில் டோபமைன் முதலில் பெயர் வாங்கியது இன்பத்துக்காக அல்ல, அசைவுக்காக. 1950-களின் கடைசியில் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுக்கும் மருந்து அது. மூளையில் டோபமைன் வற்றி முயல்கள் அசைவற்றுக் கிடந்தன. டோபமைனாக மாறும் எல்-டோபாவைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. நடுக்குவாதம் வந்தவர்களுக்கு இன்றும் கொடுக்கும் மாத்திரை அங்கிருந்து பிறந்ததுதான். 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, வளர்ந்த மனிதரிடம் டோபமைன் குறைந்தால் அசைவு தொடங்க மறுக்கிறது. உங்கள் மகள் பார்க்கும் மூன்று நாள் குஞ்சில் டோபமைன் கூடினால் நீச்சல் தொடங்க மறுக்கிறது. நேர் எதிராகத் தெரிகிறது அல்லவா? உங்கள் வாய்க்காலில் தண்ணீர் வருவது ஒன்று, தண்ணீர் திறந்துவிடும் லஸ்கர் ஷட்டரை எவ்வளவு தூக்குகிறார் என்பது இன்னொன்று. செய்தியை நேராகக் கொண்டுபோகும் குளூட்டமேட் போன்ற ரசாயனங்கள் நரம்பில் ஓடும் தண்ணீர் என்றால், டோபமைனும் செரட்டோனினும் லஸ்கரின் கை. எந்த மடையில், எந்தப் பருவத்தில் அந்தக் கை இருக்கிறது என்று பார்க்காமல், அது தண்ணீரைக் கூட்டுமா குறைக்குமா என்று சொல்ல முடியாது.

மூன்று நாள் குஞ்சில் இதைக் கண்டுபிடித்தவர்கள் வத்சலா திருமலையும் ஹாலிஸ் கிளைனும். 2008-ல் வெளியான ஆய்வு. வத்சலா இப்போது பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் இருக்கிறார். குஞ்சுகளின் நரம்பில் நீச்சலுக்கான துடிப்புகளைப் பதிவு செய்துகொண்டே டோபமைனைக் கொடுத்தார்கள், நீச்சல் நின்றது. சுரந்த டோபமைனைச் செல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள், அப்போதும் நின்றது. டோபமைனின் ஓர் ஏற்பியை அடைத்தார்கள், நீச்சல் அடிக்கடி வந்தது. மூளையோடு தொடர்பில்லாத தண்டுவடத்தில் டோபமைனால் ஒன்றும் ஆகவில்லை. மூளையோடு தொடர்பு இருந்தால்தான் நின்றது. அதாவது தடுப்பு மேலிருந்து வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கு அடுத்தது. அதே சோதனைகளை ஐந்தாம் நாள் செய்தார்கள். வெளியிலிருந்து டோபமைன் கொடுத்தால் குஞ்சு நிற்கத்தான் செய்தது. ஆனால் உறிஞ்சுவதைத் தடுத்தாலும், ஏற்பியை அடைத்தாலும் எந்த மாற்றமும் இல்லை. குஞ்சு தன் சொந்த டோபமைனால் போட்டிருந்த தடுப்பு இரண்டே நாளில் விலகிவிட்டது. ஐந்தாம் நாள் வாக்கில்தான் மஞ்சள்கரு தீர்ந்து குஞ்சு இரை தேடத் தொடங்குகிறது. அதற்கு முன் அலைந்தால் வேறு மீனுக்கு இரையாவது ஒன்றே மிச்சம். அதனால் அதுவரை அடங்கியிருக்கச் சொல்கிறது மூளை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அடங்கியிருக்கச் செய்வதோடு டோபமைனின் வேலை முடியவில்லை. மூன்றாம் நாள் குஞ்சு நீந்தத் தொடங்கினால் நீளமாக நீந்தும். நான்காம் நாளிலிருந்து குட்டிக் குட்டியாக, நின்று நின்று நீந்தும். இரையைக் குறிபார்க்க இந்தச் சின்ன நீச்சல்தான் உதவும். இந்த மாற்றம் வர டோபமைன் வேண்டும் என்று 2012-ல் வேறொரு குழு காட்டியது. அதன் ஏற்பிகளில் டி4 என்ற ஒன்றை அந்த நேரத்தில் அடைத்துவிட்டால் குஞ்சு பழைய நீச்சலிலேயே நின்றுவிடுகிறது. வளரும் மூளையில் ஒரு ரசாயனம் செய்தி மட்டும் கொண்டுபோவதில்லை. மூளை எப்படி அமைய வேண்டும் என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. சொந்தக்காரர்களுக்கு உங்கள் மகளின் வேலையை ஒரு வரியில் சொல்ல வேண்டும் என்றால் இதைச் சொல்லுங்கள்.

சரி, மஞ்சக்காட்டுக்கு வருவோம். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோவது அசெட்டைல்கோலின். வேலை முடிந்ததும் அதை உடைத்துப் போட ஒரு நொதி இருக்கிறது. கரையானுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் நம் பக்கம் அடிக்கும் குளோர்பைரிபாஸ் அந்த நொதியை முடக்குகிறது. செய்தி நிற்காமல் போய்க்கொண்டே இருந்து பூச்சி சாகிறது. மருந்தடித்தவருக்கு எச்சில் ஊறி, கண்மணி சுருங்கி, வாந்தி வருவதும் இதனால்தான். பெரியவருக்கு வைத்தியம் பார்த்துத் தேற்றலாம். வளரும் கரு வேறு. 2002-ல் இந்த நொதி இல்லாத மீன்குஞ்சுகளைப் பார்த்தார்கள். தசை சரியாக உருவாகவில்லை, தொடு உணர்வு நரம்புகள் முன்கூட்டியே செத்தன. நொதிக்கும் கட்டுமானத்தில் பங்கு இருக்கிறது.

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் லெவின் குழு 2003-ல் செய்தது, உங்கள் மகள் கோபப்பட்டதற்கு நேரான காரணம். முட்டைப் பருவத்திலிருந்து முதல் ஐந்து நாள் மட்டும் குளோர்பைரிபாஸ் கலந்த நீரில் வைத்தார்கள். குறைந்த அளவு, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அப்புறம் நல்ல தண்ணீர்தான். மீன்கள் பிழைத்து வளர்ந்தன, பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பெரிதான பிறகு, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கற்றுக்கொள்ளும் சோதனையில் தடுமாறின. அதே குழுவின் பின்னாளைய ஆய்வில், அப்படி வளர்ந்த மீன்கள் சத்தத்துக்கு அளவுக்கு மீறித் துள்ளின. டோபமைன் குறைவும் தெரிந்தது.

மீனில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தக்கூடாது. மீன் முட்டை மருந்து நீரிலேயே கிடக்கிறது, நம் கரு தாயின் ரத்தத்துக்குப் பின்னால் இருக்கிறது. மீனுக்கு நடுமூளையில் டோபமைன் செல்களே கிடையாது, நமக்கு அங்கேதான் அதிகம். ஆனால் மனிதரிடம் பார்த்த ஆய்வும் இருக்கிறது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் குளோர்பைரிபாஸை அளந்து, அவர்கள் ஏழு வயதானபோது சோதித்தார்கள். அளவு கூடுதலாக இருந்த குழந்தைகளுக்கு, கேட்டதை அந்த நேரத்துக்கு மனதில் வைத்துக்கொண்டு யோசிக்கும் நினைவாற்றல் குறைந்திருந்தது என்று 2011-ல் எழுதினார்கள். 2020-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த மருந்துக்கு அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. நம்மூர்க் கடைகளில் அது விற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறது.

உங்கள் மகள் குறைவாகக் கேட்டார் என்றேன். மாசமாக இருக்கும் பெண்களை மட்டும் நிறுத்தினால் போதாது. மனிதக் கருவில் மூளையும் தண்டுவடமும் ஆகும் குழாய் நான்காவது வாரத்திலேயே மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனது பலருக்கு அப்போதுதான் தெரியவே வரும். தனக்கே தெரியாதவர் உங்களிடம் எப்படிச் சொல்வார்? அதனால் மருந்தடித்த காட்டுக்குள், டப்பா லேபிளில் போட்டிருக்கும் காலம் முடியும் வரை யாரையும் இறக்காதீர்கள். களை இரண்டு நாள் பொறுக்கும். கூலிக்கு வரும் பெண்கள் வேலை போய்விடுமே என்று எதையும் மறைக்கத்தான் செய்வார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள். அப்புறம், ஸ்பிரேயர் டேங்கை வாய்க்காலில் கழுவுவது வேண்டாம். மருந்தடித்த சட்டையை வீட்டுத் துணியோடு போட வேண்டாம், அதைத் துவைப்பதும் ஒரு பெண்தான்.

உங்கள் அம்மாவிடம் இதைச் சண்டையாகக் கொண்டுபோக வேண்டியதில்லை. மருமகள் மாசமாக இருந்தபோது பப்பாளியைக் கண்ணில் காட்டியிருக்க மாட்டார். வயிற்றுப் பிள்ளைக்கு வெளியிலிருந்து ஒன்று போய்ச் சேரும் என்பதும், அதற்குக் காலம் உண்டு என்பதும் அவருக்குத் தெரிந்த விஷயம். பேத்தி சொன்னதும் அதைத்தான், இந்த முறை பொருள் மட்டும் வேறு.

மகளிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அப்பா கேட்க மாட்டாரா என்று அவர் காத்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எந்த நாளில் குஞ்சுக்கு மருந்து கொடுக்கிறாய், எந்த நாளில் நீச்சலை அளக்கிறாய், ஏன் அந்த நாள் என்று தொடங்குங்கள். இந்த மூன்றுக்கும் அவர் சொல்லும் பதிலிலேயே அவருடைய ஆராய்ச்சியில் பாதி உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

அன்புடன்