டொர்னாடோவைப் படமெடுக்க எங்கே நிற்பது? – கேள்வி பதில்

அமெரிக்காவின் ஓக்லஹோமா, கான்சஸ் சமவெளிக்கு மே மாதத்தில் டொர்னாடோ பார்க்கக் கிளம்புகிறவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

மேகத்திலிருந்து கூம்பு தொங்கினாலே டொர்னாடோவா?

இல்லை. சுழலும் காற்று தரையைத் தொடாதவரை அது புனல் மேகம்தான். ஆனால் கூம்பையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், தரையைப் பாருங்கள். உள்ளே அழுத்தம் குறைவதால் ஈரம் குளிர்ந்து மேகமாகிறது. அதுதான் நம் கண்ணுக்குக் கூம்பாகத் தெரிகிறது. காற்று அதற்கும் கீழே இறங்கியிருக்கலாம். கூம்பு பாதியில் நின்றாலும், நேர் கீழே மண் சுழன்று எழுந்தால் அது டொர்னாடோ.

கிழிந்த மேகம் எல்லாம் புனல் மாதிரியே தெரிகிறதே, அண்ணா?

எல்லோரும் ஏமாறும் இடம் இது. ஒரு நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். ஒரே அச்சில் சுற்றுகிறதா? சும்மா உருமாறி நழுவினால் விட்டுவிடுங்கள். மழை விழாத அடிப்பகுதியிலிருந்து இறங்கும் சுவர் மேகம் நின்று நிதானமாகச் சுழன்றால் அங்கேயே கண் வையுங்கள்.

எந்தப் பக்கம் நிற்பது?

பெரும்பாலும் புயலுக்குத் தென்கிழக்கே. அந்தச் சமவெளியில் சூப்பர்செல்கள் (உள்ளே சுழற்சியுள்ள பெரிய இடிமழைப் புயல்கள்) பொதுவாகத் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நகரும். மழையும் ஆலங்கட்டியும் அதிகம் விழுவது வடக்குப் பக்கம். தென்கிழக்கில் நின்றால் சுழற்சிக்கும் உங்களுக்கும் நடுவே மழைத்திரை குறைவு. கூம்புக்குப் பின்னால் மேற்கு வானம் வெளுத்திருந்தால் அது கருப்பாகத் தெளிவாக விழும். தெற்கே தப்பிப் போக நல்ல தார்ச்சாலை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், கேமராவை அப்புறம் எடுக்கலாம்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஓக்லஹோமாவில் உள்ள எல் ரீனோ ஊரில் நடந்தது. 2013 மே 31 அன்று அங்கே வந்த டொர்னாடோ தென்கிழக்காகப் போய்க்கொண்டிருந்து, சட்டென்று வடக்குப் பக்கம் திரும்பி வேகமெடுத்தது. அகலம் சுமார் 4.2 கி.மீ. வரை விரிந்தது. பல வருட அனுபவமுள்ள ஆய்வாளர் டிம் சமாரஸ், அவர் மகன் பால், சக ஆய்வாளர் கார்ல் யங் மூவரும் அதில் இறந்தார்கள். அவர்களை நினைக்காமல் நான் ஒரு தடவைகூடக் கிளம்பியதில்லை. "தூரமாகத்தான் இருக்கிறது" என்ற நினைப்பை நம்பவே நம்பாதீர்கள்.

கேமரா அமைப்பு, சார்?

24 மி.மீ. அளவில் அகலக் கோண லென்ஸ், ரா ஃபார்மட் (கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு வடிவம்). மங்கலான வெளிச்சத்தில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும், அதனால் தூரத்து மரத்தில் ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். வானம் வெளுத்துப் போகாமல் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறையுங்கள். சட்டகத்தில் ஒரு வீடோ மின்கம்பமோ இருக்கட்டும். அது இல்லாவிட்டால் புனலின் பிரமாண்டம் படத்தில் தெரியாது.

மாட்டிக்கொண்டால் மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்கலாமா?

கூடவே கூடாது. அந்த இடுக்கில் காற்று இன்னும் வேகமாகும், பறந்து வரும் கட்டைகளுக்கும் தகரத்துக்கும் தடுப்பு இருக்காது. 1999 மே 3 ஓக்லஹோமா டொர்னாடோவில் அப்படி ஒதுங்கியவர்களில் சிலர் இறந்திருக்கிறார்கள்.

இருட்டிய பிறகு?

நான் போக மாட்டேன். மின்னல் வெளிச்சத்தில் மட்டும் தெரியும் டொர்னாடோ எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணிக்க முடியாது. பகலிலும் மின்னல் நெருங்கிவிட்டால் ட்ரைபாடை அப்படியே விட்டுவிட்டுக் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்துங்கள்.