என் கணக்கில் கடைசி இடம் ஆண்ட்ரூ ஜான்சனுக்கு

கேள்வி: அமெரிக்க அதிபர்களிலேயே மிக மோசமானவர் யார்? பெரும்பாலான பட்டியல்களில் ஜேம்ஸ் புகேனன்தான் கடைசியில் இருக்கிறார். அது சரிதானா?

சரியில்லை என்பதுதான் என் பதில். கடைசி இடம் ஆண்ட்ரூ ஜான்சனுக்குப் போகவேண்டும். கென்னடிக்குப் பிறகு வந்த லிண்டன் ஜான்சனைச் சொல்லவில்லை. லிங்கன் சுடப்பட்டதும் 1865 ஏப்ரலில் அந்த நாற்காலிக்கு வந்தவரைச் சொல்கிறேன்.

முதலில் புகேனன். அவர்மேல் சொல்லப்படும் குற்றங்கள் உண்மைதான். 1857 மார்ச் 4 அன்று பதவியேற்றார். இரண்டே நாளில், கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாகவே முடியாது என்று ட்ரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதவியேற்கும் முன்பே நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதி, பெரும்பான்மையோடு சேரும்படி தூண்டியவர் புகேனன். 1860 இறுதியில் தென் மாநிலங்கள் பிரியத் தொடங்கியபோது, பிரிந்துபோக உங்களுக்கு உரிமை இல்லை, தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பதவி முடிவதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்துவிட்டன. கோழைத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அடிமை முறைச் சண்டை அதற்கு முன்பே நாற்பது ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருந்தது. அவர் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தாலும் வடக்குக்கும் தெற்குக்கும் மூண்ட உள்நாட்டுப் போர் நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜான்சன் வந்த நேரம் அப்படிப்பட்டதல்ல. போர் முடிந்துவிட்டது. தெற்கு தோற்றுக் கிடந்தது. வெற்றி பெற்றவர்கள் என்ன சொன்னாலும் கேட்டாகவேண்டிய நிலை. சுமார் நாற்பது லட்சம் பேர் அடிமைத்தளையிலிருந்து வெளியே வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு நிலம், கூலி, பள்ளிக்கூடம், ஓட்டு எல்லாமே அந்தச் சில மாதங்களில் முடிவாகவேண்டியவை. ஒரு அதிபருக்கு அப்படி ஒரு வாய்ப்பு அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

அந்த மனிதரின் பின்னணியைப் பார்த்தால் இன்னும் வயிறு எரிகிறது. பரம ஏழை. பள்ளிக்கூடமே போகாமல் தையல் வேலை கற்றவர். தெற்கின் பெரும் பண்ணையார்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. டென்னசி பிரிந்தபோதும் செனட்டில் தன் இடத்தை விட்டுப் போகாதவர். பிரிந்த மாநிலங்களின் செனட்டர்களில் அப்படி இருந்தவர் அவர் ஒருவர்தான். அதற்காகவே லிங்கன் அணி அவரைத் துணை அதிபராக நிறுத்தியது. அவர் பதவிக்கு வந்தபோது, இவர் பண்ணையார்களைச் சும்மா விடமாட்டார் என்றுதான் பலர் எதிர்பார்த்தார்கள்.

நான் வேலை விஷயமாக மூன்று ஆண்டுகள் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எடிஸ்டோ தீவுக்குக் காரில் போனோம். வழியில் அவித்த நிலக்கடலை விற்றார்கள். தோலோடு, உப்புப் போட்டு, அப்படியே நம் ஊர்க் கடலை. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். இரண்டு பக்கமும் பெரிய பெரிய ஓக் மரங்கள், கிளையெல்லாம் சடை சடையாகச் சாம்பல் நிறப் பாசி. அதைத் தாண்டினால் உப்பு நீர்ச் சதுப்பு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல். அழகான ஊர் என்று மட்டும்தான் அன்று நினைத்தேன். அங்கே என்ன நடந்தது என்பதை வீட்டுக்கு வந்தபிறகுதான் படித்தேன். அன்றிலிருந்துதான் என் பட்டியலில் புகேனன் ஒரு படி மேலே ஏறினார்.

நடந்தது இதுதான். 1865 ஜனவரி 16 அன்று, போர் முடியும் முன்பே, வடக்குப் படையின் தளபதி ஷெர்மன் ஓர் ஆணை போட்டார். சார்ல்ஸ்டனிலிருந்து ஃப்ளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறுவரை, பண்ணையார்கள் விட்டுவிட்டு ஓடிய கடலோர நிலங்களும் தீவுகளும் விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு. குடும்பத்துக்கு 40 ஏக்கர்வரை. சில மாதங்களில் சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். முழு உரிமைப் பட்டா இன்னும் கைக்கு வரவில்லை. ஆனாலும் உழுதார்கள், விதைத்தார்கள். அந்த மண்ணில்தான் அவர்களுடைய அப்பன் பாட்டனெல்லாம் கூலியில்லாமல் உழைத்துச் செத்திருந்தார்கள்.

மே 29 அன்று ஜான்சன் பொதுமன்னிப்பு அறிவித்தார். 20,000 டாலருக்கு மேல் சொத்துள்ள கிளர்ச்சியாளர்கள் போன்ற சில வகையினர் மட்டும் தனித்தனியாக வந்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் ஆயிரக்கணக்கில் எழுதிக் கொடுத்தார். ஒரு காலத்தில் தன்னை ஏறெடுத்தும் பார்க்காத பெரிய மனிதர்கள் தன் வாசலில் காத்துக் கிடந்தது அவருக்குப் பிடித்துப்போயிற்று என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். மன்னிப்போடு நிலமும் திரும்பிப் போனது.

அந்தச் செய்தியைச் சொல்ல அக்டோபரில் எடிஸ்டோவுக்கு அனுப்பப்பட்டவர் தளபதி ஹவார்ட். விடுதலை பெற்றவர்களுக்கான அரசு அலுவலகத்தின் தலைவர் அவர். போரில் வலது கையை இழந்தவர். அவருக்கே இதில் விருப்பமில்லை. சர்ச்சில் கூட்டம் நிரம்பி வழிந்தது. நிலத்தைப் பழைய முதலாளிகளிடம் கொடுத்துவிட்டு அவர்களிடமே கூலிக்கு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதும், அதற்குமேல் அவர் பேச்சு யார் காதிலும் விழவில்லை. அரசாங்கத்துக்கு உண்மையாக இருந்த எங்களிடமிருந்து பிடுங்கி எதிரிகளுக்கா கொடுக்கிறீர்கள் என்று மேல்தளத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

ஹென்றி பிராம், இஸ்மாயில் மோல்ட்ரி, யேட்ஸ் சாம்ப்சன் என்று மூன்று பேர் சேர்ந்து ஹவார்டுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். நில முதலாளிகளை மன்னிக்கச் சொல்கிறீர்களே, போரில் நீங்கள் இழந்தது ஒரு கை, நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 சவுக்கடி கொடுத்தவனை, என் தாயையும் தங்கையையும் ஆடை களைந்து அடித்தவனை என்னால் எப்படி மன்னிக்க முடியும் என்று அதில் கேட்கிறார்கள். எங்கள் தந்தையரின் எலும்பைப் புதைக்கும் அளவு நிலம்கூட எங்களுக்குக் கிடைக்காமல் செய்கிறார்கள் என்றும் எழுதினார்கள். ஜான்சனுக்கும் தனியாக ஒரு மனு போனது. ஆணை மாறவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் இதன் தொடர்ச்சிதான். பழைய ஆட்களே மாநில அரசுகளில் வந்து உட்கார்ந்தார்கள். உடனே கறுப்பர்களுக்கென்று தனிச் சட்டங்கள். மிசிசிப்பியில் ஒவ்வொரு ஜனவரியிலும் வேலை இருப்பதற்கு எழுத்துச் சான்று காட்டவேண்டும். ஒப்பந்தம் முடியும் முன் வேலையை விட்டால் அந்த ஆண்டு அதுவரை உழைத்த கூலியும் போச்சு. தென் கரோலினாவில் விவசாய வேலையும் வீட்டு வேலையும் தவிர வேறு தொழில் செய்ய ஆண்டுக்கு 10 முதல் 100 டாலர்வரை உரிமக் கட்டணம். தெற்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு வா என்று ஜான்சனே அனுப்பிய கார்ல் ஷுர்ஸ், நிலைமை மோசம் என்று விரிவான அறிக்கை கொடுத்தார். அது அவர் காதில் ஏறவில்லை. 1866 மே மாதம் மெம்ஃபிஸ் கலவரத்தில் 46 கறுப்பர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கறுப்பர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டத்தையே ஜான்சன் கையெழுத்திட மறுத்து வீட்டோ செய்திருந்தார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டோடு அதை மீறி ஏப்ரல் 9 அன்று சட்டமாக்கியது. அவருடைய 15 வீட்டோக்கள் இப்படித் தோற்றன. வேறெந்த அதிபருக்கும் இத்தனை இல்லை. அந்தக் குடியுரிமையை அரசியல் சட்டத்திலேயே எழுதிய 14ஆவது திருத்தத்தை ஏற்காதீர்கள் என்று மாநிலங்களைத் தூண்டியவரும் அவரே.

1868இல் வந்த பதவி நீக்கத் தீர்மானத்தில் ஒரே ஒரு ஓட்டில் தப்பினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த வழக்கு போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனை நீக்கியது பற்றியது. எடிஸ்டோவுக்காக யாரும் அவரைக் கூண்டில் ஏற்றவில்லை.

பட்டியல்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1948இல் ஆர்தர் ஷ்லெசிங்கர் வரலாற்றாசிரியர்களிடம் கேட்டுத் தயாரித்த வரிசையில் 29 பேரில் ஜான்சன் 19ஆவது, அவருக்கு அடுத்து அதிபரான கிராண்ட் 28ஆவது. 2021இல் சி-ஸ்பான் தொலைக்காட்சி வரலாற்றாசிரியர்களிடம் எடுத்த கணிப்பில் 44 பேரில் ஜான்சன் 43, கிராண்ட் 20. இடையில் புதிதாக எதுவும் நடந்துவிடவில்லை. போருக்குப் பிந்தைய அந்தக் காலத்தைத் தோற்ற வெள்ளையர்களின் கண்ணால் மட்டும் எழுதிய வரலாறுதான் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்கப் பாடமாக இருந்தது. கறுப்பின வரலாற்றாசிரியர் டு போய்ஸ் 1935லேயே அதை மறுத்து எழுதினார். ஆனால் அவர் குரல் எடுபட இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. கறுப்பர்களைத் தாக்கிய வெள்ளை இனவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் கிளானைச் சட்டத்தாலும் ராணுவத்தாலும் ஒடுக்கிய கிராண்ட், ஊழல் அதிபர் என்ற ஒரே பெயரோடு கீழே கிடந்தார். இதனால்தான் இப்போது ஆள்பவர்களையோ நேற்று இறங்கியவர்களையோ இந்த வரிசையில் வைக்க எனக்கு மனமில்லை. எடிஸ்டோ கடிதம் போன்றவை வெளியே வந்து, படிக்கப்பட்டு, மனதில் படிய நாளாகும்.

நம் ஊர்க்காரர்கள் பலர் நிக்சன் பெயரைச் சொல்வார்கள் என்று தெரியும். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் படுகொலை நடக்கிறது என்று டாக்காவில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரிகளே தந்தி அடித்தும் பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கான் பக்கம் நின்றவர்; டிசம்பரில் வங்கக் கடலுக்கு விமானந்தாங்கிக் கப்பல் அனுப்பியவர். அவரையும் நான் மன்னிக்கவில்லை. கடைசி ஐந்தில் வைப்பேன். ஆனால் ஜான்சன் கைவிட்டது தன் சொந்த நாட்டு மக்களை. அந்தக் கடன் இன்றும் அங்கே தீரவில்லை.

1868 கிறிஸ்துமஸ் அன்று, பதவி முடிய சில வாரங்கள் இருக்கும்போது, மிச்சமிருந்த கிளர்ச்சியாளர்கள் எல்லோருக்கும் நிபந்தனையில்லாத மன்னிப்புக் கொடுத்தார். 1875இல் இறந்தார். டென்னசியின் கிரீன்வில்லில், தனக்குச் சொந்தமான குன்றின்மேல், அரசியல் சட்டப் பிரதியைத் தலைக்கடியில் வைத்து அவரைப் புதைத்தார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் தந்தையரின் எலும்புக்கு இடம் கேட்ட அந்த மூன்று பேரின் நினைவுதான் எனக்கு வருகிறது.