மசக்கை வாந்தி: எதுவரை பொறுக்கலாம்?

கேள்வி: எனக்கு இது ஒன்பதாவது வாரம். சோறு கொதிக்கும் வாசனை பட்டாலே குமட்டுகிறது. பல் துலக்கும்போதே வாந்தி வந்துவிடுகிறது. 52 கிலோ இருந்த எடை 51 ஆகிவிட்டது. ‘மசக்கை என்றால் அப்படித்தான்’ என்கிறார் மாமியார். மருத்துவர் எழுதிக் கொடுத்த டாக்சிலமின், பைரிடாக்சின் மாத்திரையைப் போட்டுக்கொள்ளவும் பயமாக இருக்கிறது.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: மாமியார் சொல்வது பாதி சரி. ஆறாவது வாரத்தையொட்டித் தொடங்கும் குமட்டல், உங்களுக்கு இப்போது நடக்கும் ஒன்பதாவது வாரத்தில்தான் பெரும்பாலும் உச்சத்தில் இருக்கும். பலருக்கு 16 வாரங்களுக்குள் தணிந்துவிடும். நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் இரத்தத்தில் கலக்கும் ஜிடிஎஃப்15 என்னும் ஹார்மோனுக்கு இதில் பெரும் பங்கு உண்டென 2023-இல் வெளியான ஆய்வு காட்டியிருப்பதால், ‘எல்லாம் மனசுதான்’ என்று யாரேனும் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

வெறும் வயிறு குமட்டலை அதிகமாக்கும். இரவே தலைமாட்டில் ஒரு கிண்ணம் பொரியோ ரஸ்க்கோ வைத்துக்கொண்டு, விழித்ததும் படுத்தபடியே இரண்டு வாய் மென்றுவிட்டு, கால் மணி நேரம் கழித்து மெல்ல எழுந்து பாருங்கள். பல் துலக்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல், இடையிடையே ஒவ்வொரு மிடறாகக் குடியுங்கள். ஆறிய உணவில் வாசனை குறைவு என்பதால் தயிர்சாதம் பெரும்பாலும் தங்கும். இஞ்சி சிலருக்குக் கேட்கும். சோறு வடிக்கும் வேலையைச் சில வாரங்களுக்கு வேறு யாரேனும், உங்கள் கணவரே கூட, ஏற்றுக்கொள்ளட்டும்.

மாத்திரையைப் பற்றிய பயம் புதிதல்ல. இதே மருந்துச் சேர்க்கையின் விற்பனை, வழக்குகள் குவிந்ததால் 1983-இல் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. குழந்தைக்குக் குறைபாடு வரும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்காத நிலையில், 2013-இல் அந்நாட்டு அரசு அதற்கு மீண்டும் ஒப்புதல் அளித்தது. தூக்கக் கலக்கம் வரலாம். மருத்துவர் சொன்ன அளவிலும் நேரத்திலும் போட்டுக்கொள்ளுங்கள்.

மாமியார் சொல்லாத மறுபாதி இதுதான்: கர்ப்பத்துக்கு முந்தைய எடையில் 5 சதவீதம் குறைந்தால், அதாவது உங்கள் எடை 49.4 கிலோவுக்கு இறங்கினால், அது பொறுத்துக்கொள்ளும் மசக்கையன்று. ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலும், எட்டு மணி நேரம் சிறுநீர் பிரியாவிட்டாலும், காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தாலும், வாந்தியில் இரத்தம் தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே, எத்தனை நாளாகச் சாப்பாடு தங்கவில்லை என்பதை மறக்காமல் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் வைட்டமின் பி1 ஊசி போட வேண்டியிருக்கலாம்.