கப்பல் பயணத்தில் ரப்பர் வாத்துகளை ஒளித்து வைக்கிறார்களாமே, அது என்ன விளையாட்டு? நாங்களும் செய்யலாமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த விவரத்தையும் படித்தேன். ஹூஸ்டனில் இருக்கும் மகன் குடும்பத்துடன் கால்வெஸ்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறி, கரீபியன் கடலில் ஒரு வாரப் பயணம். பேத்தி ஒரு பை நிறைய மஞ்சள் வாத்துகளை வாங்கி வைத்துக்கொண்டு, கப்பலில் ஒளிக்கப் போகிறேன் என்கிறாள். துறைமுகச் சோதனையில் யாராவது பையைப் பிரித்து, இது என்ன என்று கேட்டால் எப்படிப் பதில் சொல்வது என்பது உங்கள் கவலை. கேட்க மாட்டார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு வாத்துப் பை புதிதல்ல.

நான் கேட்டரிங் படித்துவிட்டு அமெரிக்கத் துறைமுகங்களில் இருந்து புறப்படும் கப்பல்களில் கேபின் ஸ்டூவர்டாக வேலை பார்த்தவன். படுக்கை விரிப்பது, குளியலறை கழுவுவது, குளியல் துண்டை மடித்து யானையும் குரங்கும் செய்து கட்டிலில் உட்கார வைப்பது, இவைதான் தொழில். ஆகவே இந்த வாத்துகளைத் தேடி எடுப்பவனாக அல்லாமல், அவற்றைச் சுற்றித் துடைப்பவனாகத்தான் எனக்குப் பழக்கம்.

விளையாட்டு பெரிய பழையது ஒன்றும் இல்லை. 2018-இல் டெக்சஸைச் சேர்ந்த ஒரு சிறுமி, குடும்பத்துடன் கார்னிவல் நிறுவனத்தின் கப்பலில் போனபோது வாத்துகளைக் கொண்டுபோய் அங்கங்கே வைத்தாள். எடுத்தவர்களுக்குப் பிடித்துப்போயிற்று, அடுத்த பயணத்துக்கு அவர்களும் வாங்கி வந்தார்கள். முகநூலில் ஒரு குழு உருவானது, அவ்வளவுதான், மற்ற நிறுவனங்களின் கப்பல்களுக்கும் பரவிவிட்டது. எந்த நிறுவனமும் நடத்துவதல்ல, பரிசு கிடையாது, விதிப்புத்தகம் கிடையாது. (ஹூஸ்டன் தெருக்களில் ஜீப் வண்டிகளின் முன்கண்ணாடிக்குப் பின்னால் வாத்துகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு கூட்டம். 2020-இல் கனடாவின் ஒன்டாரியோவில் தொடங்கியது.)

வாத்து உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான் இருக்கும். கழுத்தில் ரிப்பன் அல்லது ரப்பர் பேண்ட், அதில் ஒரு சின்ன அட்டை. கப்பலின் பெயர், பயணத் தேதி, வைத்தவரின் ஊர், அதன் கீழே "கண்டுபிடித்துவிட்டாய்! வைத்துக்கொள், அல்லது மறுபடி ஒளித்து வை" என்கிற பொருளில் ஒரு வரி. கொள்ளைக்கார வாத்து, கவ்பாய் தொப்பி போட்ட வாத்து, டாக்டர் வாத்து என்று வேடங்களும் உண்டு. அட்டையைப் பேத்தியின் கையாலேயே எழுத விடுங்கள். அச்சடித்த அட்டையைவிடக் கோணல் கையெழுத்தைத்தான் எடுத்தவர்கள் நின்று படிப்பார்கள். ஆனால் அவள் முழுப்பெயரையும் அறை எண்ணையும் எழுத வேண்டாம். யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.

வீதியிலோ பூங்காவிலோ வைத்தால் இந்த விளையாட்டு இவ்வளவு சூடு பிடித்திருக்காது. கப்பல் ஒரு மூடிய ஊர். 2024-இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் என்ற கப்பலின் நீளம் 365 மீட்டர், மொத்தம் 20 தளங்கள், நிறைந்தால் 7,600 பயணிகள். கால்வெஸ்டனில் இருந்து மெக்சிகோவின் கொசுமேல் தீவை எட்டுவதற்குள் ஒரு முழுப் பகல் நடுக்கடலிலேயே போய்விடும். இறங்க இடமில்லை, சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துவிட்டது, இணையத்துக்குத் தனிக் காசு. அந்த நேரத்தில் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு மஞ்சள் தலை தெரிந்தால் அறுபது வயதுக்காரரும் குனிந்து பார்ப்பார். அதன்பிறகு அவருக்கு நேராக நடக்க வராது. நாற்காலிக்குக் கீழே, சிலையின் மடியில், தூணின் பின்னால் என்று கண் மேய ஆரம்பித்துவிடும். கப்பல் முழுக்க இப்படி மேயும் கண்கள்தான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. நம் ஊரில் கிச்சுக்கிச்சு தாம்பாளம் விளையாடியிருப்பீர்கள். மணலை நீளக் கரையாகக் குவித்து, அதற்குள் ஒரு குச்சியை ஓட்டிக்கொண்டே போய், எதிராளிக்குத் தெரியாமல் எங்கேயோ விட்டுவிட்டு வருவோம். அவன் இரண்டு கைகளையும் கோத்து ஓரிடத்தில் பொத்துவான். குச்சி அதற்குள் இல்லாவிட்டால் நமக்கு வெற்றி. வாத்து விளையாட்டு இதற்கு நேர் எதிர். எதிராளி கண்டுபிடித்தால்தான் நாம் ஜெயித்தோம். யாருக்கும் அகப்படாத வாத்து வீண் வாத்து. இது புரியாதவர்கள்தான் சாமர்த்தியம் காட்டுவதாக நினைத்து, வாத்தை மனிதக் கண் படாத இடங்களில் செருகிவிட்டுப் போகிறார்கள். அவற்றைக் கண்டுபிடிப்பது யார்? ஸ்க்ரூடிரைவரும் கையுமாக வரும் மெக்கானிக், இல்லாவிட்டால் நாங்கள்.

நன்றாக வைப்பவர்கள் முக்கால்வாசி தெரியும்படிதான் வைப்பார்கள். ஒரு பெரியவரைப் பார்த்திருக்கிறேன். படிக்கட்டுத் திருப்பத்தில் கைப்பிடிக் கம்பி வளைகிற இடத்தில் கவ்பாய் வாத்து ஒன்றை வைத்துவிட்டு, நாலடி தள்ளிச் சுவரில் மாட்டியிருந்த ஓவியத்தின் முன் போய் நின்றுகொண்டார். பெரிய கலா ரசிகர்போல முகவாயைத் தடவியபடி. ஒரு தம்பதி பேசிக்கொண்டே தாண்டிப் போனார்கள், பார்க்கவில்லை. பீட்சா தட்டுடன் ஒருவர் வந்தார், அவரும் பார்க்கவில்லை. நான் வாக்குவம் கிளீனரை இழுத்துக்கொண்டு கம்பியை நெருங்கியதும், எடுத்துவிடாதே என்று இடுப்புக்குக் கீழே விரலால் சைகை காட்டினார். ஒரு பொடியன் மேலே இருந்து தடதடவென்று இறங்கினான். கம்பியில் வழுக்கிக்கொண்டு வந்த கை வாத்தில் முட்டியது. அவன் போட்ட கூச்சலில் கீழ்த்தளத்துக்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பெரியவர் திரும்பவே இல்லை. ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், தோள் மட்டும் குலுங்கியது.

ஆகவே கைப்பிடிக் கம்பி, லிஃப்டுக்கு வெளியே இருக்கும் மேசை, நூலக அலமாரி, மினி கோல்ஃப் திடல், சிலைகளின் காலடி போன்ற இடங்களே போதும். சின்னப் பிள்ளைகளின் கண் மட்டத்தில் ஒன்றிரண்டு இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வருபவர்களும் அந்த உயரத்தில்தான் பார்க்கிறார்கள்.

எங்கே வைக்கக் கூடாது என்பதை மட்டும் பேத்தியிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லிவிடுங்கள். உயிர்காப்பு அங்கிகள் அடுக்கிய பெட்டி, தீயணைப்புக் குழாய் இருக்கும் அலமாரி, கதவின் கீல் ஓரம், இந்தப் பக்கமே போகக் கூடாது. அவசரத்தில் அந்தக் கதவு ஓர் அங்குலம் மூடாமல் நின்றாலும் ஆபத்து. நீச்சல் குளத்திலும் வெந்நீர்த் தொட்டியிலும் வாத்து மிதந்தால் படத்துக்கு அழகுதான். அட்டை ஊறிக் கூழாகி வடிகட்டியில் போய் அடைக்கும். பஃபே பக்கம் வைக்கவே கூடாது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் கப்பலில் ஏறிச் சுகாதாரத்துக்கு 100-க்கு மதிப்பெண் போடுவார்கள். 85-ம் அதற்குக் கீழும் வாங்கினால் தோல்வி. ஆய்வாளர் ஏறிவிட்டார் என்ற செய்தி பரவியதும் சமையலறையில் தலைமைச் செஃப் முகம் எப்படி மாறும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தில் சாலட் கிண்ணத்துக்குப் பின்னால் இருந்து, பத்துப் பேர் கைபட்ட வாத்து ஒன்று எட்டிப் பார்க்க வேண்டாம். கப்பலின் கடைக்குள்ளும் வேண்டாம். எடுத்துக்கொண்டு வெளியே வரும் குழந்தையைத் திருடியதாக நினைத்து நிறுத்திவிட்டால் அதன் முகம் சுண்டிப்போகும்.

திறந்த மேல்தளம் இன்னொரு சங்கடம். கப்பல் ஓடும்போது அங்கே காற்று சாதாரணமாகவே தொப்பியைப் பறிக்கும். இந்த வாத்து எடையே இல்லாதது. ரப்பர் என்று சொன்னாலும் இன்று விற்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தப்படி கப்பலில் இருந்து எந்தப் பிளாஸ்டிக்கையும் கடலில் போடக் கூடாது. கரீபியன் பகுதிக்கு 2011 முதல் கூடுதல் கட்டுப்பாடும் உண்டு. காற்று தள்ளியது என்றால் உங்களைப் பிடித்துச் சிறையில் போட மாட்டார்கள், ஆனால் அந்த வாத்து என்ன ஆகும் என்பதற்கு ஏற்கெனவே ஒரு சாட்சி இருக்கிறது.

1992 ஜனவரி 10 அன்று ஹாங்காங்கில் இருந்து அமெரிக்காவின் டகோமாவுக்குப் போய்க்கொண்டிருந்த சரக்குக் கப்பல் ஒன்று பசிபிக் நடுவே புயலில் சிக்கியது. 12 கன்டெய்னர்கள் கடலில் விழுந்தன. அவற்றில் ஒன்றில் குளியலறைப் பொம்மைகள், ஏறக்குறைய 29,000. மஞ்சள் வாத்து, நீல ஆமை, பச்சைத் தவளை, சிவப்பு பீவர். அட்டைப் பெட்டிகள் ஊறிப் பிரிந்ததும் எல்லாம் மேலே மிதந்து வந்தன. அடியில் ஓட்டை இல்லாத பொம்மைகள், ஆகவே தண்ணீர் புகவில்லை, மூழ்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அலாஸ்காவின் சிட்கா கரையில் ஒதுங்கத் தொடங்கின. கர்டிஸ் எப்ஸ்மேயர் என்ற கடலியலாளர், கடற்கரையில் பொறுக்குபவர்களிடம் எல்லாம் விவரம் வாங்கி, ஜேம்ஸ் இங்கிராம் என்ற சக விஞ்ஞானியின் கணினி மாதிரியுடன் ஒப்பிட்டு, வட பசிபிக் நீரோட்டம் எப்படிச் சுற்றுகிறது என்று இவற்றை வைத்தே கணக்குப் போட்டார். மஞ்சள் வெளுத்து வெள்ளை வாத்தாகிப் பல ஆண்டுகள் கழித்தும் ஒதுங்கியவை உண்டு. விஞ்ஞானத்துக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொம்மைகளின் ஆயுளை நினைத்துப் பாருங்கள். மேல்தளத்தில் வைத்தே ஆக வேண்டும் என்றால் கூரையும் சுவரும் இருக்கும் பக்கமாக வையுங்கள்.

பெரியவர்கள் இதைக் கெடுப்பதும் உண்டு. அதிகாலையில் எழுந்து, குழந்தைகள் கண் விழிப்பதற்குள் பைபோட்டு வாரிச் செல்லும் மனிதர்கள் எல்லாக் கப்பலிலும் இருக்கிறார்கள். பிறகு மேசையில் பரப்பிவைத்து எண்ணிக்கை சொல்வார்கள். பேத்தி ஏமாந்து வந்து நின்றால் ஆறுதல் சொல்லிவிட்டு, அடுத்ததைப் பகல் பதினொரு மணிக்கு வைக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவர்கள் வெயிலில் படுத்துத் தூங்குவார்கள்.

எல்லா நிறுவனமும் இதை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. சிலர் கண்டுகொள்வதில்லை, சிலர் இன்ன இடத்தில் வேண்டாம் என்கிறார்கள், அடியோடு வேண்டாம் என்பவர்களும் உண்டு. உங்கள் கப்பலின் விதிகளை மருமகளை ஒருமுறை படித்துவிடச் சொல்லுங்கள். தடை இருந்தாலும் பை வீணாகாது, ஒளிக்காமல் பரிசாகக் கொடுத்துவிடலாம். டிஸ்னி கப்பல்களில் வேறொரு பழக்கம் இருக்கிறது: அறைக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் மீன் வடிவக் கொக்கியில் பல பைகள் தைத்த துணி ஒன்றைத் தொங்கவிட்டு, முன்பே பேசிவைத்த குடும்பங்கள் ஒருவர் பையில் மற்றவர் சின்னப் பரிசு போட்டுவிட்டுப் போவார்கள். அதில் யாரும் எதையும் ஒளிப்பதில்லை, ஆனாலும் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்கும்போதெல்லாம் திருவிழாதான்.

ஸ்டூவர்டுகளுக்கும் வாத்து தருவார்கள். பேத்தி தலையணையில் ஒன்றை வைத்துவிட்டுப் போனால், மாலையில் திரும்பும்போது அது துண்டு யானையின் தும்பிக்கை மேல் ஏறி உட்கார்ந்திருக்கலாம். நானே அப்படி வைத்திருக்கிறேன், பிள்ளைகள் கதவைத் திறந்ததும் வரும் சத்தம் நடைபாதைக் கோடி வரை கேட்கும். ஆனால் மனதாரச் சொல்கிறேன்: அந்த ஸ்டூவர்டுக்கு நல்லது செய்ய நினைத்தால், பயணம் முடிந்ததும் வரும் கருத்துப் படிவத்தில் அவர் பெயரைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதுங்கள். பதவி உயர்வுக்கும் அடுத்த கான்ட்ராக்டுக்கும் அதைத்தான் பார்க்கிறார்கள். வாத்தைப் பார்ப்பதில்லை.

கடைசி இரவு மட்டும் எதையும் ஒளிக்க வேண்டாம். அன்று எல்லோரும் பெட்டி கட்டுவதிலும் கணக்குப் பார்ப்பதிலும் இருப்பார்கள். காலையில் கப்பல் காலியாகும், மதியத்துக்குள் அடுத்த கூட்டம் ஏறும். இடைப்பட்ட சில மணி நேரத்தில் அத்தனை அறைகளையும் மாற்றிப்போட ஓடுகிறவர்கள் கையில் எது அகப்பட்டாலும் குப்பைப் பைக்குத்தான் போகும். மிச்சம் இருக்கும் வாத்துகளைச் சாப்பாட்டு மேசையில் பழகிய பிள்ளைகளுக்குக் கையிலேயே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.