ஆசியக் கோப்பை ஹாக்கி: கேட்டவையும் சொன்னவையும்

கே: அண்ணா, ஆசியக் கோப்பை, ஆசிய சாம்பியன்ஸ் டிராபி, ஆசிய விளையாட்டுப் போட்டி என்று மூன்று இருக்கிறதே, எதற்கு மதிப்பு அதிகம்?

ப: டிக்கெட்டை வைத்துப் பாருங்கள் தம்பி. ஆசியக் கோப்பையை ஜெயித்தால் நேராக உலகக் கோப்பை. ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினால் நேராக ஒலிம்பிக். சாம்பியன்ஸ் டிராபியை ஜெயித்தால் கோப்பை மட்டும்தான். அதற்காக அதில் சுவாரஸ்யம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023-ல் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி, 4-3 என்று இந்தியா ஜெயித்த இறுதிப் போட்டி அந்தத் தொடரில்தான் நடந்தது. ஆனாலும் தோற்றால் வயிற்றைப் பிசைவது ஆசியக் கோப்பைதான்.

கே: ஐரோப்பாவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஊரில் நடத்துகிறார்கள். இங்கே ஏன் தனித்தனி?

ப: 2025-ல் ஐரோப்பியப் போட்டி இரண்டும் ஜெர்மனியின் மோன்ஷன்கிளாட்பாக்கில் சேர்ந்தே நடந்தன. அதே ஆண்டு ஆசியாவில் ஆண்கள் பீகாரின் ராஜ்கிரில், பெண்கள் சீனாவின் ஹாங்சோவில். அதிலும் ஆண்கள் இறுதிப் போட்டி செப்டம்பர் 7. பெண்கள் தொடர் தொடங்கியது செப்டம்பர் 5. ஒன்றின் உச்சக்கட்டத்தில் இன்னொன்றின் முதல் ஆட்டங்கள் யார் கண்ணில் படும்? சேர்த்து நடத்த இரண்டு நல்ல டர்ஃப் மைதானங்களும் 16 அணிகளுக்குத் தங்குமிடமும் வேண்டும், செலவுதான். ஆனால் பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் சேர அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கே: பெண்களுக்கு விதிகள் வேறா?

ப: இல்லை. அதே மைதானம், அதே பந்து, 15 நிமிடம் வீதம் அதே நான்கு கால்பகுதி.

கே: இதுவரை அதிகம் ஜெயித்தது யார் சார்? பாகிஸ்தானா, இந்தியாவா?

ப: இரண்டும் இல்லை, தென் கொரியா! ஆண்களில் 1982 கராச்சி தொடங்கி 12 தொடர்கள் முடிந்திருக்கின்றன. கொரியா 5, இந்தியா 4, பாகிஸ்தான் 3. பாகிஸ்தான் ஜெயித்தது முதல் மூன்று தொடர்களையும். 1989-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. இந்தியாவுக்கு முதல் கோப்பை 2003-ல்தான் வந்தது, தன்ராஜ் பிள்ளை தலைமையில், கோலாலம்பூரில், அதுவும் பாகிஸ்தானை வீழ்த்தி. அடுத்தது 2007 சென்னை, இறுதியில் கொரியாவுக்கு எதிராக 7-2. மலேசியா 2017, 2022 இரண்டு முறையும் இறுதி வரை வந்து 1-2 என்று தோற்றது. பாவம்.

பெண்கள் பக்கம் கணக்கு இன்னும் அழகு. 11 தொடர்களில் கொரியா 3, ஜப்பான் 3, சீனா 3, இந்தியா 2. யார் கையிலும் அது நிலைக்கவில்லை. போட்டி கடுமையாக இருப்பது பெண்கள் பிரிவில்தான் என்பேன்.

கே: 2022 ஆண்கள் தொடரில் நம்ம அணி இந்தோனேசியாவுக்கு 16 கோல் போட்டார்களே, அது வேண்டாத வேலை இல்லையா?

ப: வேண்டிய வேலைதான். முதல் சுற்றில் அந்தப் பிரிவில் இந்தியாவும் பாகிஸ்தானும் 1-1 டிரா. இந்தியா ஜப்பானிடம் 2-5, பாகிஸ்தான் ஜப்பானிடம் 2-3. இந்தோனேசியாவைப் பாகிஸ்தான் 13-0 என்று அடித்திருந்தது. ஆக இந்தோனேசியாவை ஜெயித்தால் இந்தியாவுக்கும் பாகிஸ்தானைப் போலவே 4 புள்ளி. பாகிஸ்தானின் கோல் வித்தியாசம் +12. இந்தியா அடுத்த சுற்றுக்குப் போகக் குறைந்தது 15 கோல் வித்தியாசம் வேண்டும். 16-0 என்று முடித்தார்கள், +13. பாகிஸ்தான் வெளியே, அத்தோடு 2023 உலகக் கோப்பையும் கைவிட்டுப் போனது. ஜப்பானுக்கு எதிராகப் பாகிஸ்தான் போட்ட ஒரு கோல், 11 பேர் ஆட வேண்டிய மைதானத்தில் 12 பேர் இருந்தார்கள் என்று ரத்தானது நினைவிருக்கிறதா? ஆள் மாற்றும்போது தலையை எண்ணாத வினை. அந்த ஒரு கோல் நின்றிருந்தால் ஜப்பானோடு டிரா ஆகியிருக்கலாம்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. முதல் சுற்றில் தேறிய நான்கு அணிகள் மோதும் அடுத்த சுற்றான சூப்பர் 4-ல் இந்தியா, கொரியா, மலேசியா மூன்றுக்கும் தலா 5 புள்ளி. இந்தியா ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஆனாலும் கோல் வித்தியாசத்தில் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டு வெண்கலத்துக்கு ஆடியது. முதல் சுற்று கோல்கள் சூப்பர் 4-க்குக் கூடவே வராது, அந்த 16-ம் அங்கே செல்லாக்காசு.

கே: பெனால்டி கார்னரில் சில பந்து உயரமாகப் போனால் கோல், சில பந்து போனால் இல்லை. என்ன நியாயம்?

ப: எப்படி அனுப்பினார்கள் என்பதுதான் வித்தியாசம். முதல் ஷாட்டை மட்டையை ஓங்கி 'ஹிட்' அடித்தால், அது கோல்கோட்டைத் தாண்டும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கோலுக்குள் அடியில் பலகை இருக்கிறதே, அந்த உயரம். 'டிராக் ஃப்ளிக்' என்றால் மட்டையோடு பந்தை இழுத்துத் தள்ளுவது. அதற்கு அந்த வரம்பு இல்லை, மேல் மூலையிலும் போடலாம். அதனால்தான் ஒவ்வொரு அணியும் ஒரு ஃப்ளிக்கரைக் கண்ணாக வைத்துக் காக்கிறது. தடுக்கக் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்தான், மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால். தடுப்பவர்களில் முதலில் ஓடி வருபவரைப் பாருங்கள். முகக்கவசம் மாட்டிக்கொண்டு ஃப்ளிக்கரின் மட்டைக்கு நேராகவே பாய்வார்.

கே: 2025 இறுதிகளில் ஆண்கள் ஜெயித்தார்கள், பெண்கள் தோற்றார்கள். எங்கே தவறியது?

ப: இரண்டிலும் இந்தியாதான் முதல் நிமிடத்திலேயே கோல் போட்டது. ராஜ்கிரில் சுக்ஜீத் சிங், ஹாங்சோவில் பெனால்டி கார்னரில் நவ்நீத் கவுர். இரண்டும் 4-1 என்றே முடிந்தன, ஆனால் ஒன்று நமக்கு, ஒன்று சீனாவுக்கு. ஆண்கள் முதல் கோலோடு நிற்காமல் கொரியாவை அதன் பாதியிலேயே நெருக்கினார்கள். தில்பிரீத் சிங் இரண்டு, அமித் ரோஹிதாஸ் ஒன்று. பெண்கள் இரண்டாம் கால்பகுதியிலேயே சமன் கொடுத்து, கடைசிக் கால்பகுதியில் அடுத்தடுத்து இரண்டு வாங்கினார்கள். சூப்பர் 4-லும் அதே சீனாவிடம் அதே 4-1 தோல்வி என்பதால் நான் அதிர்ச்சி அடையவில்லை. ஆண்களுக்கும் சீனப் பெண்களுக்கும் 2026 உலகக் கோப்பை டிக்கெட் கிடைத்தது.

கே: நம்ம பசங்க யாராவது ஆடியிருக்கிறார்களா அண்ணே?

ப: அரியலூர் கார்த்தி செல்வம், 2022 ஜகார்த்தாவில். பாகிஸ்தானுக்கு எதிரான அந்த 1-1 ஆட்டத்தில் இந்தியாவின் கோல் அவருடையதுதான். அது விழாமல் இருந்திருந்தால் 16 என்ன, 60 அடித்தும் பயனில்லை.

கே: டிரா ஆனால் ஷூட் அவுட்டில் நேரம் எவ்வளவு?

ப: 8 விநாடி. 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு ஓடி, கோல்கீப்பரைத் தனியாளாகத் தாண்ட வேண்டும். 2017 பெண்கள் இறுதியில் இந்தியா சீனாவை 5-4 என்று வென்றது இப்படித்தான். கோல்கீப்பர் சவிதா தடுத்தார், ராணி ராம்பால் போட்டார். காணொளி கிடைத்தால் சவிதாவின் கால்களை மட்டும் பாருங்கள்: சீன வீராங்கனை நகரும்வரை அவரும் விழமாட்டார்.